விளையாட்டுக் கணினியும் செவியும்

விளையாட்டிற்கென்றே தனிக் கணினி கூட்டுவிக்கும் வழக்கம் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய எம் இரு ஊர்களிலும் இளைஞரிடையே உண்டு. பிராசஸர் யாது, கிராபிக்ஸ் கார்டு யாது என்று அன்னார் செய்யும் ஆராய்ச்சி, தொல்காப்பிய உரைகளோடு பொழுது கழிக்கும் எம்மனோர்க்கும் நாணந் தருவது. ஆயினும், அவ்விரண்டிற்கும் பொருள் கொடுத்தபின் கையில் எஞ்சும் சில ஆயிரம் ரூபாயை எதன்பாற் செலவிடுவது என்னுமிடத்தே வழக்குத் தோன்றுகின்றது. சவுண்டு கார்டு என வழங்கும் ஒலியட்டையே வேண்டும் என்பர் ஒரு சாரார். அப்பொருள் முதற்கண் ஓசையற்ற குளிர்விப்பிற்கே உரியது என்பது எம் கொள்கை.

ஒலியட்டையின் பழம்பெருமையை யாம் மறுக்கவில்லை. முற்காலத்துக் கணினிகள் சிறு ஒலிபெருக்கி ஒன்றினால் 'பீப்' என்று கூவுதலன்றி வேறறியா. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் 1981-இல் தோன்றிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-இல் 'சவுண்டு பிளாஸ்டர்' அட்டையை வெளியிட்டது. அதன்பின் விளையாட்டுக்களில் இசையோடு பேச்சும் வெடியோசையும் பரவலாயின. பின்னர் நிகழ்ந்தது வேறு. இன்டெல் நிறுவனம் 1997-இலும் 2004-இலும் வகுத்த முறைகளின் வழியே ஒலிப்பகுதி மதர்போர்டினுள்ளேயே அடங்கிற்று. 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுக்கள் டைரக்ட்சவுண்டு வழியாக அட்டையை நேரே ஏவிவந்த வாயிலை அடைத்தது. பகைவனது காலடி இடப்புறத்தினின்று வருகின்றதோ பின்புறத்தினின்று வருகின்றதோ என்னும் கணக்கை இன்று பெரும்பாலும் விளையாட்டின் நிரலே போட்டுவிடுகின்றது. அட்டைக்கு எஞ்சிய தொழில், எண்களை மின்னலையாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்புதலே. அதனை இந்நாளைய மதர்போர்டும் செவ்வனே செய்யும்.

இனி வெப்பத்தை நோக்குவோம். நடுத்தரக் கணினி ஒன்று விளையாட்டின்போது 300 வாட்டு அளவில் மின்சாரம் உண்ணும். உண்டதனைத்தும் வெப்பமாக அறையினுட் பரவும். எத்துணை விலையுயர்ந்த விசிறியும் காற்றைப் பெயர்க்குமேயன்றி, அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதனையும் குளிர்விக்கமாட்டாது. சித்திரை நண்பகலில் அறையே 38 டிகிரி காயுமாயின், சிறு விசிறி உச்சவேகத்திற் சுழன்று அலறுவதன்றி என் செய்யும்? வேகத்தைப் பாதியாக்கின் காற்றும் ஏறக்குறையப் பாதியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபல் குறைந்துவிடும். ஆதலின் பெரிய விசிறி, மெல்லிய சுழற்சி என்பதே வழி. பிராசஸரோடு இலவசமாக வருவதை நீக்கி, 120 மில்லிமீட்டர் விசிறி பூட்டிய கோபுரவகைக் குளிர்விப்பானை 2,000 ரூபாய் அளவில் வாங்கலாம். (கோபுரத்தின் உயர்வைப்பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரார்க்கு யாம் சொல்லவேண்டுவதில்லை, பெட்டிக்குள் அடங்குமா என்று மட்டும் அளந்து வாங்குக.) கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளே பெரும்பாலும் மிகுதியாக இரைவன. விளையாட்டின் அமைப்பில் நொடிக்கு 60 படங்கள் என வரையறுத்துவிடின் அவையும் தணியும். இதற்கு ஒரு காசும் வேண்டா. நீரோட்டக் குளிர்விப்பு எம்மனோர்க்கு வீண்செலவு. அதிலும் விசிறி உண்டு, போதாக்குறைக்கு நீரேற்றியின் முனகலும் உண்டு.

இராஜபாளையத்தார்க்கு மற்றுமோர் இடர். நூற்பாலைகளும், அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளும் மலிந்த இப்பகுதியிற் பஞ்சிழை காற்றோடு வந்து பெட்டியின் சல்லடையிற் கம்பளம்போற் படியும். காற்று தடைப்படவே, விசிறி மீண்டும் விரையும். திங்கட்கு ஒருமுறை துடையாதான் எவ்விசிறி வாங்கியும் பயனில்லை.

ஓசை இருந்தாலென்ன, ஹெட்போனின் ஒலியைக் கூட்டிக்கொள்வோம் என்பாரும் உளர். இங்கேதான் யாம் அஞ்சுகின்றோம். வளர்ந்தோர்க்கு வாரத்தில் 40 மணிநேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை. விசிறியின் இரைச்சலை மூழ்கடிக்கவென்று நாளும் ஏழெட்டு மணிநேரம் ஒலியைக் கூட்டுவோர் அவ்வெல்லையைத் தம்மையறியாமலே கடப்பர். எம் வகுப்பினருட் பலருடைய தந்தையரும் தாயரும் ஆலைத் தொழிலாளர். வீட்டிலும் உரத்துப் பேசுவது அவர்க்குப் பழக்கம். அன்னார் செவியைக் கொடுத்துக் கூலி பெற்றனர். மக்களாகிய யாமோ அக்கூலியைக் கொடுத்துச் செவியையும் இழக்க முற்படுகின்றோம். கூடத்தில் அடுத்த பாயிற் படுத்திருக்கும் பாட்டிக்கு ஹெட்போனும் இல்லை. வெண்ணிற இராஜபாளைய நாய்களுட் சில பிறவியிலேயே செவிடு. அத்தகைய கணினியின் பக்கத்தில் அவை வேண்டுமானால் நிம்மதியாக உறங்கும்.

அங்ஙனமாயின் ஒலியட்டை எவர்க்குமே வேண்டாவோ எனின், இசைப்பதிவு செய்வார்க்கும், பேராற்றல் வேண்டும் உயர்தர ஹெட்போன் உடையார்க்கும் தனிக்கருவி வேண்டுவதே. பெட்டியின் முன்துளையிற் செருகியவுடன் 'ம்ம்' என்னும் ஓசை கேட்போரும் சிலர். அன்னார் கடைக்கு ஓடுமுன் பின்துளையிற் செருகிப் பார்க்க. அங்கும் ஓயாதேல், சுவரிலுள்ள மூன்று துளைப் பிளக்கில் எர்த்துக் கம்பி மெய்யாகவே இணைக்கப்பட்டுள்ளதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிப்பிக்க. பழைய வீடுகள் சிலவற்றில் அத்துளை வெறும் துளையே. இரும்புப் பெட்டியைத் தொடுங்கால் விரல் சுரீரென்னுமாயின், ஒலியினும் உயிர் பெரிதாகலின், அன்றே அதனைச் செய்வித்தல் வேண்டும். அதன்பின்னும் ஓசை நீங்காதார்க்கு, பெட்டிக்கு வெளியே யூ.எஸ்.பி.யிற் செருகும் சிறு ஒலிக்கருவியே போதும்.