கொள்கலங்களும் கட்டளை வரியும்

மென்பொருளை அதற்கு வேண்டிய துணை நிரல்களோடு ஒருங்கே அடைத்து இயக்கும் கொள்கல முறை, 2013-ஆம் ஆண்டில் டாக்கர் வெளிவந்த பின்னரே பெருவழக்காயிற்று. திரையிற் பொத்தானை அழுத்தி அவற்றை ஆள்வோர் பலர். எனினும் கட்டளைகளைப் பயில்வதே சாலச் சிறந்தது. 'டாக்கர் ஸ்டாப்' என்று பணித்தால், உள்ளே இயங்கும் நிரலுக்கு முதலில் அறிவிப்புச் செல்லும். லினக்ஸில் வழக்கமாக 10 விநாடி அவகாசமும் உண்டு. அதற்குள் அடங்காவிடில்தான் வலிந்து நிறுத்தப்படும். 'டாக்கர் கில்' என்பதோ அவகாசமே தராது. எழுதிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் அறுபட அஃதொன்றே போதும். 'டாக்கர் ஆர்எம்' இன்னுங் கொடிது. கொள்கலத்துக்கு வெளியே சேமித்து வைக்கப்படாத தரவு அதனோடு அழிந்தொழியும். நீக்குமுன் 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' என்று கேட்டால், வெளிச் சேமிப்பு ஏதேனும் இணைக்கப்பட்டுள்ளதா என்பது விளங்கும். பயிற்சி வகுப்புகளில் முதற்கண் கற்பிக்க வேண்டியது இதுவே.