ஓட்டையை அடைத்தால் போதுமா? ஓரமும் மூட வேண்டாமா?



சொத்தைப் பல்லை அடைத்துவிட்டால், "இனிமே கவலை இல்லே" என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். லயத்து வீட்டுத் தகரக் கூரையை நினைத்துப் பாருங்கள். தகரம் நல்ல தகரம்தான். ஆணி அடித்த இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் மழை ஒழுகாமல் விடுமா? பல்லும் அப்படித்தான். அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஓரம் சரியாக மூடாவிட்டால் எச்சிலும் சர்க்கரையும் கிருமியும் உள்ளே இறங்கும். கிருமியோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான்! மேலே அடைப்பு பளபளக்கும்; அடியில் பல் மறுபடியும் சொத்தையாகும்.

ஓரம் மூடும் விதம் பொருளுக்குப் பொருள் வேறு.

பழைய வெள்ளி அடைப்பில், அதாவது அமல்கத்தில், ஏறக்குறைய பாதி பாதரசம். அது பல்லில் ஒட்டாது. குழியின் வடிவம்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது. மாதங்கள் போகப் போக உலோகம் அரித்து உண்டாகும் கசடு ஓர இடைவெளியை அடைத்துவிடும்.

பல் நிறத்தில் உள்ள காம்போசிட், மங்கில் பால் உறைந்து சுருங்குவதுபோல், இறுகும்போது நூற்றுக்கு 2, 3 பங்கு சுருங்கும். ஆகவேதான் ஆசிட் தடவி, பசை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறார்கள். அந்நேரம் எச்சில் பட்டால் ஒட்டு கெட்டுவிடும். வாயை அசைக்காதீர்கள்!

மூன்றாவது, 1972-இல் இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் அறிவித்த கிளாஸ் அயனோமர். இது பல்லோடு தானே ஒட்டும், ஃப்ளூரைடும் விடும். ஆனால் கடைவாயில் கடித்து மெல்லும் பலத்துக்கு அவ்வளவு தாங்காது.

ஒரு காலத்தில் பால்மரம் நின்ற அம்பாங் வட்டாரத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கே குடியிருந்தாலும் சரி, தோட்டத்தில் இருந்தாலும் சரி, "வெள்ளையா இருந்தா நல்லது" என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "இந்தப் பல்லுக்கு எது பொருந்தும்? ஓரம் எத்தனை நாள் தாங்கும்? எப்போது திரும்பி வரணும்?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பாதரசம் என்றதும் பயந்து, நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். ஆனால் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டர் அவசியம் என்று கருதினாலொழிய அமல்கம் வைக்கக் கூடாது என்று மினமாத்தா ஒப்பந்த நாடுகள் 2022-இல் முடிவு செய்தன.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா? அடைப்பு ஓரத்தில் நாக்கோ நூலோ சிக்குகிறதா? உடனே போய்க் காட்டுங்கள். "ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்று தள்ளிப்போட்டால், கடைசியில் அடைக்க வேண்டிய பல்லைப் பிடுங்க வேண்டிவரும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நோய் விடுப்புக்குப் பல் டாக்டரின் சான்றிதழையும் ஏற்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பல்லைக் காப்பதும் தொழிலாளியின் உரிமைதான்!