வயிற்றுக்கு ஆபரேஷன், மனசுக்கு?

முன்னே ஒரு படம். பின்னே ஒரு படம். முதல் படத்தில் ஒருவர் பெருத்த உடம்போடு சோகமாக நிற்கிறார். அடுத்த படத்தில் அவரே இளைத்து, புதுச் சட்டை போட்டுச் சிரிக்கிறார். உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு வருகிற விளம்பரம் இது.

இந்த இரண்டு படத்துக்கும் நடுவே ஒரு வருஷமோ, ஒன்றரை வருஷமோ கிடக்கிறது. அந்த நாட்களில் அவர் எத்தனை முறை அழுதார், யார் மேல் எரிந்து விழுந்தார், எத்தனை கலியாணத்துக்குப் போகாமல் ஒளிந்தார் என்பதெல்லாம் விளம்பரத்தில் வராது.

ஆபரேஷன் நல்லதுதான். வேண்டியவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டுகிறது. சர்க்கரை நோய் தணிகிறது. இரத்தக் கொதிப்பு இறங்குகிறது. தூக்கத்தில் வரும் மூச்சுத் திணறல் குறைகிறது. டாக்டர் சொல்லிச் செய்துகொள்கிறவரை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால், கத்தி படுவது வயிற்றில் மட்டும்தான். மனசு பழைய மனசாகவே வீடு திரும்புகிறது. இதை நோயாளி தெரிந்துகொள்ள வேண்டும். அவரைவிட அதிகமாக அவர் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாரோ பணக்காரர் வீட்டுச் சங்கதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. அதன் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேருக்கு எடை அதிகம். ஆண்களில் 100-க்கு 37 பேர். இவர்களில் மிகப் பலருக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. மிகவும் பருத்து, அதனால் நோயும் சேர்ந்துகொண்டவர்களுக்குத்தான் டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள்.

என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் அயோவா பல்கலைக் கழகத்தில் எட்வர்டு மேசன் என்று ஒரு டாக்டர் இருந்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால், அந்த நோயாளிகள் பிறகு எளிதில் பருப்பதில்லை என்பதை அவர் கவனித்தார். அதையே பருமனுக்கு வைத்தியமாக்கினால் என்ன என்று நினைத்தார். 1966-ம் ஆண்டு செய்தும் பார்த்தார். அந்த டாக்டர் 100 வயது வாழ்ந்து 2020-ல்தான் காலமானார்.

இப்போது இரண்டு முறைகள் அதிகம் நடக்கின்றன. ஒன்றில், இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் போல நீளமாக இருக்கும். இன்னொன்றில், இரைப்பையின் மேல் பக்கத்தில் இரண்டு மேசைக் கரண்டி கொள்ளும் சிறு பை ஒன்றை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறு குடலில் இணைத்துவிடுகிறார்கள்.

வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டே இதைச் செய்கிறார்கள். ஓரிரு நாளில், அல்லது மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள், "அப்பாடா! முடிந்தது" என்கிறார்கள்.

முடியவில்லை. அன்றுதான் ஆரம்பம்.

பசி வேறு, ஆசை வேறு

பசியைத் தூண்டுகிற சுரப்பு ஒன்று இரைப்பையில் ஊறுகிறது. அதன் பெயர் கிரெலின். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்ததும் இந்தச் சுரப்பு குறைகிறது, பசியும் குறைகிறது.

சரி, ஆசை? அது இரைப்பையில் இல்லையே!

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கணவன் கடிந்து பேசினால், அவள் சமையல் அறைக்குப் போய் முறுக்கு டப்பாவைத் திறப்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தனிமைக்குத் துணை காப்பியும் மிக்சரும். சந்தோஷம் வந்தால் பால்கோவா. சங்கடம் வந்தாலும் பால்கோவா. யாரிடமும் சொல்ல முடியாததைத் தின்று ஆற்றிக்கொண்டாள். இருபது வருஷமாக அவளுக்கு இருந்த ஒரே தோழி, சாப்பாடு. ஆபரேஷன் அந்தத் தோழியை ஒரே காலையில் வெளியேற்றிவிட்டது.

மனநல டாக்டர்கள் இதைத் துக்கம் என்றே சொல்கிறார்கள். செத்துப் போனவருக்காக அழுவது போல, சாப்பாட்டுக்காகச் சிலர் அழுகிறார்கள். சிரிக்க வேண்டாம். உண்மைத் துக்கம் அது.

முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம்தான். தெளிந்த ரசம், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். அதையும் மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். பிறகு கூழ் போல மசித்த உணவு. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பக்கத்து அறையில் வெங்காயம் வதங்குகிறது. மீன் குழம்பு கொதிக்கிறது. இவர் கையில் ஒரு தம்ளர் மோர்! உடம்பில் வலி. இரவில் சரியான தூக்கம் இல்லை. "ஐயோ, ஏன் இதைச் செய்துகொண்டோம்?" என்ற எண்ணம் அப்போது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அந்த எண்ணம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் போய்விடும். "இப்படித்தான் வரும், போய்விடும்" என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் பாதி பாரம் குறைந்துவிடும்.

"இன்னும் ஒரு கை!"

நம் வீடுகளில் அன்பைச் சோற்றால்தான் காட்டுகிறோம். "சாப்பிட்டாயா?" என்பதுதான் நலம் விசாரிப்பு. "இன்னும் ஒரு கை வைத்துக்கொள்" என்பதுதான் உபசாரம். ஆபரேஷன் ஆன மகன், மூன்று கரண்டி இட்டிலியோடு தட்டைத் தள்ளிவிட்டால் தாய்க்கு நெஞ்சு பதறுகிறது. "எலும்பும் தோலுமாகப் போய்விட்டானே!" என்று, அவன் வேண்டாம் என்றாலும் நெய் விட்டுப் பிசைந்து ஊட்ட வருகிறாள்.

அந்த ஒரு கை அதிகமானால், நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும். இனிப்பு அதிகமானால் சிலருக்குப் படபடப்பு வரும், வியர்த்துக் கொட்டும். சாப்பிட்டவருக்கு அவமானம். ஊட்டியவருக்கு வருத்தம். இருவர் மனமும் நோகிறது.

பந்தியில் இன்னும் கஷ்டம். இலை நிறையப் பரிமாறி வைத்திருக்கிறது. இவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடுகிறார். "சாப்பாடு பிடிக்கவில்லையா?" என்று பெண் வீட்டார் முகம் வாடுகிறது. இந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அப்படித் தனியே ஒதுங்குவதுதான் ஆபத்து. கணவனோ மனைவியோ முந்திக்கொண்டு, "டாக்டர் இவ்வளவுதான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் நிம்மதியாகப் பந்தியில் உட்காருவார்.

வீட்டில் அவரைத் தனியாக உட்கார வைக்க வேண்டாம். எல்லாரோடும் உட்காரட்டும். தட்டு சிறிது, கரண்டி சிறிது. பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரதச் சத்து முதலில். மெல்ல மென்று அரை மணி நேரம் சாப்பிடட்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரை மணி கழித்துக் குடிக்கலாம். அவர் தட்டை யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு நிர்ப்பந்தமும் இளம் பெண்களுக்கு உண்டு. "எடைதான் குறைந்துவிட்டதே, எப்போது குழந்தை?" என்று மாமியார் கேட்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப் போட வேண்டும் என்பது டாக்டர்களின் விதி. மாமியாரிடம் இதை மகனே சொல்ல வேண்டும். மருமகள் தலையில் போடக் கூடாது.

கண்ணாடியும் ஊர் வாயும்

மூன்றாம் மாத வாக்கில் தலைமுடி கொட்டுகிறது. சத்து சரியாகச் சேர்ந்தால், சில மாதத்தில் மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் சீப்பில் கொத்தாக முடி வரும்போது அந்த ஆறுதல் எடுபடுவதில்லை. கை, வயிற்றுத் தோல் தொங்குகிறது. 30 கிலோ குறைந்த பிறகும், கண்ணாடியில் பழைய உருவமே தெரிவதாகப் பலர் சொல்கிறார்கள். கடையில் பழைய அளவுச் சட்டையையே கேட்கிறார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் ஒடுங்கி நிற்கிறார்கள். உடம்பு இளைக்கும் வேகத்தில் மனசு நடப்பதில்லை.

ஊர் என்ன சொல்கிறது? "வாயைக் கட்ட முடியவில்லை, குறுக்கு வழியில் போய்விட்டான்" என்கிறது. குறுக்கு வழியா! ஆயுள் முழுவதும் அளந்து சாப்பிட்டு, வைட்டமின் மாத்திரை விழுங்கி, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறவரைப் பார்த்து இப்படிச் சொல்வது அநியாயம்.

பாராட்டும் சில சமயம் குத்துகிறது. "இப்போதுதான் நீ அழகாக இருக்கிறாய்!" என்கிறார்கள். நேற்று வரை ஏறிட்டுப் பார்க்காதவர்கள் இன்று சிரித்துப் பேசுகிறார்கள். "அப்படியானால் இத்தனை நாள் நான் மனுஷி இல்லையா?" என்று அவள் இரவில் அழுதால், அதில் தவறு என்ன?

கணவன் மனைவிக்குள்ளும் மாறுதல் வரும். சுவீடன் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியாயிற்று. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மணமாகாதவர்கள் அதிகமாகத் துணை தேடிக்கொண்டார்களாம். ஏற்கனவே சேர்ந்து வாழ்ந்தவர்களில் பிரிவும் கூடியதாம். சுவீடன் பழக்கம் வேறு, நம் பழக்கம் வேறு. ஆனாலும் காரணம் புரிகிறது. அடங்கியே இருந்தவள் இப்போது தலை நிமிர்ந்து பேசுகிறாள். தனியே வெளியே போகிறாள். கணவனுக்கு அது புதிது. சந்தேகப்படாமல் அவளோடு மாலையில் சேர்ந்து நடக்கப் போகிறவன் புத்திசாலி.

இரண்டாம் வருஷம்

முதல் வருஷம் எடை மளமளவென்று இறங்குகிறது. எல்லாரும் கவனிக்கிறார்கள். ஒன்றரை வருஷத்தில் இறக்கம் நின்றுவிடுகிறது. சிலருக்கு நாலைந்து கிலோ மறுபடி ஏறுகிறது. உடனே குற்ற உணர்ச்சி. டாக்டர் திட்டுவாரோ என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. வீட்டாரும் பழையபடி தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கவனம் வேண்டியது இப்போதுதான்.

அமெரிக்காவில் 10 ஆஸ்பத்திரிகளில் சுமார் 2,000 பேரைக் கவனித்து, 2012-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். குடிப் பழக்கத்தால் தொல்லைப்பட்டவர்கள், ஆபரேஷனுக்கு முன் 100-க்கு 7 அல்லது 8 பேர். முதல் வருஷம் கூடவில்லை. இரண்டாம் வருஷம் 9, 10 பேர் ஆகிவிட்டார்கள். சிறு பையாக்கிக் குடலில் இணைத்தவர்களுக்கு, மது நேரே இரத்தத்தில் பாய்கிறது. முன்பு இரண்டு கிளாஸ் செய்ததை இப்போது ஒரு கிளாஸ் செய்கிறது. சாப்பாட்டில் தேடிய ஆறுதலைச் சிலர் பாட்டிலில் தேடுகிறார்கள். "பார்ட்டியில் ஒரு கிளாஸ்தானே" என்று நண்பர்கள் வற்புறுத்த வேண்டாம்.

இதைவிடக் கடுமையான செய்தி கனடாவிலிருந்து 2016-ல் வந்தது. அங்கே 8,815 பேரைக் கவனித்தார்கள். தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 111 பேர். மிகச் சிலர்தான். ஆனால், ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிட அப்படி வருவது ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அதிலும் இரண்டாம், மூன்றாம் வருஷத்தில்தான் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முன்பே மனக் கோளாறு இருந்தது. ஆகவே, முன்பு மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டவர், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாத்திரைகள் உடம்பில் சேரும் அளவு மாறும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

இரண்டு வாரம் விடாமல் ஒருவர் சோர்ந்து கிடந்தால், யாரோடும் பேசாவிட்டால், "நான் இருந்து என்ன பயன்?" என்று சொன்னால், "சோம்பல்" என்று ஒதுக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இரவும் பகலும் கிடைக்கிறது. பணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றையும் மனசின் மேல் போட்டுவிடவும் கூடாது. நாள் கணக்கில் வாந்தி எடுக்கிறவருக்குத் திடீரென்று புத்தி குழம்பினால், நடை தள்ளாடினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், அது கவலையினால் வந்தது அல்ல. பி-1 என்ற வைட்டமின் குறைந்து மூளையைத் தாக்குகிறது. அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்கு முன் மனநல நிபுணர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு வேலை முடியவில்லை. பிறகும் அவர் பார்க்க வேண்டும். தாயையும் கணவனையும் மனைவியையும் கூட உட்கார வைத்துப் பேச வேண்டும். ஆபரேஷனுக்கு லட்சக் கணக்கில் வாங்குகிற இடத்தில், இதற்கு மட்டும் நேரம் இல்லை என்பது பொருந்தாது.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எவ்வளவு செலவு, எத்தனை நாள் லீவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். மனம் கலங்கினால் யாரைப் பார்க்க வேண்டும், அவர் எந்தக் கிழமைகளில் இருப்பார், இரண்டாம் வருஷம் நாங்கள் வராவிட்டால் நீங்கள் கூப்பிடுவீர்களா என்பதையும் கேட்டு, பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.