முடி உதிராத நாய் வேண்டுமாம்!

செகந்திராபாத்தில், பத்மாராவ் நகரில் என் சித்தியின் வீடு இருக்கிறது. மூன்றாம் மாடி, இரண்டு அறைகள், துணி உலர்த்த ஒரு சிறு பால்கனி. அவ்வீட்டில் எனக்குத் தங்கை முறையாகும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுக்கு நாய் வேண்டும். ஓராண்டாக அவ்வீட்டில் இதே பேச்சு. விடுதிச் சாப்பாட்டிற்கு ஒரு நாள் விடை கொடுத்துவிட்டு நான் அங்கே சென்றிருந்தபோது, சித்தி அந்த வழக்கை என் தலையில் கட்டிவிட்டார்.

“தம்பி, நீ நாலும் படித்தவன். முடி கொட்டக் கூடாது. சாதுவாக இருக்க வேண்டும். குழந்தையைக் கடிக்கக் கூடாது. அப்படிப்பட்ட சாதி நாய் எது என்று விசாரித்துச் சொல்” என்றார்.

“விலையும் குறைவாக இருக்கட்டும்” என்றார் சித்தப்பா, நாளிதழுக்குப் பின்னாலிருந்து.

முடியைப் பற்றிச் சித்தி கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. பனிக்காலம் வந்தால் சிறுமிக்கு இளைப்பு வரும். ஆதலால் இதை விளையாட்டாக எண்ணி, வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் பாயசம் குடிக்க என்னால் இயலவில்லை. ஒரு திங்கள் காலம் நூலகத்திலும், நாய் வளர்க்கும் வீடுகளிலும், கால்நடை மருத்துவம் பயிலும் நண்பர்களிடத்திலும் அலைந்தேன். அலைந்தபின் எனக்குத் தெளிவானது ஒன்று: சித்தி கேட்ட கேள்வியே பிழையானது. அவர் மட்டுமா? நாய் வாங்க எண்ணும் நம்மவர் அனைவரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றனர். விற்பவர்களும் கேட்டவர் மனம் குளிரும்படி விடை சொல்லிவிடுகின்றனர்.

முதலில் முடியின் கதையைப் பார்ப்போம். முடி உதிராத நாய் என்று ஒன்று இல்லை. உயிருள்ள முடி வளரும், ஓயும், உதிரும். நம் தலைமுடியும் அப்படித்தான். வேறுபாடு வளரும் காலத்தின் நீளத்தில் இருக்கிறது. லாப்ரடார், பொமரேனியன் போன்றவற்றிற்கு மேல்மயிர் ஒன்று, அதனடியில் பஞ்சு போன்ற உள்மயிர் ஒன்று என இரட்டைப் போர்வை. அந்த உள்மயிர்தான் மெத்தையிலும், சட்டையிலும், சில வேளை சாம்பாரிலும் காணப்படுவது. முடி குட்டையாயிருந்தால் உதிராது என்று சிலர் நம்புகின்றனர். லாப்ரடாரின் முடி குட்டைதான். பக் நாயின் முடி அதனினும் குட்டை. இரண்டும் கொட்டுகிற கொட்டை அவற்றை வளர்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்!

பூடில், ஷிட்ஸு, மால்டீஸ் ஆகியவை வேறு வகை. அவற்றின் முடி நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்கிற சிறிதளவும் சுருளில் சிக்கி உடம்பிலேயே தங்கிவிடும். தரையில் விழாது என்பது மெய்தான். ஆனால் சிக்கிய முடி சடையாகும். சடைக்கடியில் ஈரம் தங்கும்; தோல் புண்ணாகும். நாள்தோறும் சீவ வேண்டும். ஆறு வாரத்திற்கு ஒரு முறையேனும் கத்தரிக்க வேண்டும். தரையைப் பெருக்கும் வேலை குறைகிறது. நாயைச் சீவும் வேலை வருகிறது. இதை விற்பவர் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வாங்கிய முதல் மூன்று மாதம் போட்டி போட்டுக்கொண்டு சீவினார்கள். நான்காம் மாதம் சீப்பு காணாமற்போயிற்று. ஆறாம் மாதம் அந்தக் குட்டியின் முடியை ஒட்ட மழித்தபோது, உள்ளே தோல் சிவந்து கிடந்தது.

“போகட்டும், இளைப்புள்ள குழந்தைக்கு அது நல்லதல்லவா?” என்று சித்தி கேட்டார். இங்கேதான் நான் வியந்து போனேன். ஒவ்வாமையை உண்டாக்குவது முடியன்று. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதிள்களிலும் உள்ள புரதங்களே அதற்குக் காரணம். முடி அவற்றைச் சுமந்து செல்லும் வண்டி, அவ்வளவே. அமெரிக்காவில் டிட்ராயிட் நகரத்து ஆய்வாளர்கள், நாய் வளர்க்கும் 173 வீடுகளின் தூசியைச் சேகரித்து ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். ‘ஒவ்வாமை தராதவை’ என்று பெயர் பெற்ற இனங்கள் வாழ்ந்த வீட்டிலும் பிற நாய்கள் வாழ்ந்த வீட்டிலும் அப்புரதத்தின் அளவில் வேறுபாடு தென்படவில்லை. அடுத்த ஆண்டு ஹாலந்து நாட்டில் நடந்த ஆய்வோ, அந்தப் புகழ்பெற்ற இனங்களின் மயிரில் அது கூடுதலாகவே இருக்கக் கண்டது.

இந்த நம்பிக்கைக்கு உலகப் புகழ் வந்த வரலாறு சுவையானது. ஆஸ்திரேலியாவில், பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிறுவனம் ஒன்றில் வாலி கான்ரன் என்பவர் பணியாற்றினார். ஹவாய்த் தீவிலிருந்து பார்வையற்ற பெண்மணி ஒருவர் வழிகாட்டி நாய் கேட்டார். அவர் கணவருக்கோ நாய் முடி ஆகாது. கான்ரன் 1989இல் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து குட்டிகளைப் பெற்றார். குட்டிகளின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்தார். பிறந்த மூன்றில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே ஈற்றுக் குட்டிகள்; மூன்றில் ஒன்று! எஞ்சிய இரண்டையும் பழக்க வீடு தேடியபோது எவரும் முன்வரவில்லை. ‘லாப்ரடூடில்’ என்று புதுப்பெயர் சூட்டியதும் எல்லாரும் வந்தார்கள். பிற்காலத்தில், இதைத் தொடங்கி வைத்தேனே என்று அவரே வருந்திப் பேசினார். அமெரிக்கத் தலைவர் ஒபாமா தம் மூத்த மகளின் ஒவ்வாமையை எண்ணி, 2009இல் போர்ச்சுகீசிய நீர்நாய் இனத்தில் ஒரு குட்டியை வெள்ளை மாளிகைக்குக் கொணர்ந்தபோது, இப்படிப்பட்ட இனங்களின் மதிப்பு மேலும் ஏறிற்று. அந்தக் குட்டி அந்தச் சிறுமிக்கு ஒத்துக்கொண்டிருக்கலாம். அதனால் அந்த இனம் முழுவதும் பத்மாராவ் நகர்ச் சிறுமிக்கு ஒத்துக்கொள்ளும் என்பது எப்படி?

இனி, குணம். நாய் வாங்கப் போகும்போது நம்மவர் வாயில் முதலில் வரும் சொல் ‘சாதி நாய்’ என்பது. மேடையேறினால், பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கிக் குட்டி வாங்கப் போனால் குலம் கோத்திரம் கேட்கிறோம். வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. 18,000க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தையை அவற்றை வளர்ப்போரிடம் கேட்டறிந்து, 2,000க்கு மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஆராய்ந்த ஒரு பெரும் ஆய்வு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டிற்கே இனம் காரணமாகிறது என்று அது கண்டது. எறிந்த பொருளை எடுத்து வருவது, சொன்னபடி கேட்பது போன்றவற்றில் இனத்தின் சாயல் ஓரளவு தெரிகிறது. எளிதில் சினங்கொள்ளுமா என்பதில் இனத்தைக் கொண்டு சொல்லக்கூடியது மிகமிகக் குறைவு. சித்தி அஞ்சுவது இதைத்தானே!

அப்படியாயின் சாதுவான குணம் எங்கிருந்து வருகிறது? பெருமளவு, குட்டிப் பருவத்திலிருந்து. பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கி மூன்று மாதம் வரையிலான காலம் நாய்க்குப் பள்ளிப் பருவம். அப்போது குழந்தைகளின் கூச்சல், பிரஷர் குக்கரின் சீழ்க்கை, விருந்தாளியின் காலடி, பிற நாய்கள் ஆகியவற்றை அச்சமின்றிக் கண்டு பழகிய குட்டி, பின்னாளில் எதற்கும் வெருளுவதில்லை. கூண்டுக்குள் தனியே கிடந்த குட்டி, எதைக் கண்டாலும் மிரளும். மிரண்ட நாய்தான் கடிக்கும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் கூறுகின்றன. தாய்மடியிலும் உடன்பிறப்புகளிடத்திலும் குட்டி கற்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது. ஒரு விற்பனையிடத்திற்கு நான் போயிருந்தேன். ஐந்து வாரக் குட்டியை, “இப்போதே எடுத்துப் போங்கள், அப்போதுதான் பாசம் பிடிக்கும்” என்று கையில் திணித்தார்கள். தாயைப் பார்க்கலாமா என்றேன். தாய் வெளியூரில் இருக்கிறதாம்!

ஐதராபாத்தின் வெயிலையும் மறந்துவிடலாகாது. சித்திரை, வைகாசியில் 40 பாகையைத் தாண்டும் ஊர் இது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்குச் சப்பையான பக்கிற்கும் ஷிட்ஸுவுக்கும் அந்த இரைப்பே பெரும் பாடு. 2003இல் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் சிறுவன் பின்னே ஓடிய பக்கைப் பார்த்துவிட்டு நாடெங்கும் வாங்கினார்கள். அதன் மூச்சுத் திணறலை விளம்பரம் காட்டவில்லை. சைபீரியாவில் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கியைப் பஞ்சாரா ஹில்ஸ் பக்கத்தில் மாலை நேரத்தில் காணலாம். பகலெல்லாம் குளிர்பதன அறையில் அதை அடைத்து வைத்துவிட்டு மின்கட்டணத்தை நொந்துகொள்வாரை என்னென்பது!

“அப்படியானால் நம் ஊர் நாய்! இராசபாளையம், சிப்பிப்பாறை!” என்று மார்தட்டும் தமிழ் நண்பர் இப்பல்கலைக்கழகத்தில் ஒருவரல்லர், பலர். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. இந்திய அஞ்சல் துறை 2005இல் நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராசபாளையமும் அதில் இடம்பெற்றது. முதோல் நாயும் உடனிருந்தது. உள்மயிர் அடர்த்தி இல்லாத, உடம்போடு ஒட்டிய மயிர். வெயிலைத் தாங்கும் உடல். சித்தி கேட்ட இலக்கணத்திற்கு ஏறக்குறைய பொருந்துகிறது. ஆயினும் மூன்றாம் மாடிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடிக்கப் பிறந்தது. இராசபாளையம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்தது. அயலாரை எளிதில் ஏற்காது. வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் அவ்வினத்தில் சில குட்டிகளுக்கு வந்துவிடுகிறது. தோட்டமும் ஓட்டமும் உள்ள வீட்டில் அவை மன்னர்கள். பால்கனியில் கட்டிப்போட்டால் கைதிகள். தமிழ்ப்பற்றைக் காட்ட வேறு வழிகள் நிறைய இருக்கின்றன.

எஞ்சுவது யார்? நம் விடுதி வாயிலில் படுத்திருக்கும் நாட்டு நாய்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த வெயிலில் மனிதரை அண்டி வாழ்ந்து தேறிய உடம்பு; அளவான உயரம்; நீண்ட மூக்கு; குட்டை மயிர். உதிர்வது உண்டு, வாரம் இருமுறை தடவிச் சீவினால் துடைப்பத்திற்கு அடங்கிவிடும். இந்நகர மாநகராட்சியும் ‘ப்ளூ கிராஸ்’ போன்ற அமைப்புகளும் இத்தகைய குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் நிகழ்ச்சிகளை நடத்தியிருக்கின்றன. சித்தப்பாவின் நிபந்தனையும் இதில் நிறைவேறிவிடுகிறது.

நான் இதைச் சொன்னதும் சித்தியின் முகம் மாறிற்று. “தெரு நாயா? அம்பர்பேட்டையில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டாயா?” என்றார். மறக்கவில்லை. 2023 பிப்ரவரியில், உஸ்மானியா பல்கலைக்கழகத்திற்கு அருகிலுள்ள அந்தப் பகுதியில் தெருநாய்கள் கூட்டமாகத் தாக்கி ஒரு சிறுவன் உயிரிழந்தான். அந்தத் தந்தையின் துயரத்திற்கு முன் நாயன்பு பேசுவது எளிதன்று. அந்தச் செய்தியைப் படித்த தாய் தன் வீட்டு வாசலில் தெருநாய் நுழைவதை அஞ்சினால் அவளை அறியாமை உடையவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உரிமையாளர் இன்றி, கருத்தடையும் ஊசியும் இன்றி, குப்பையை நம்பிக் கூட்டமாகத் திரியும் நாய்களின் நிலை வேறு. அதே தாயின் வயிற்றில் பிறந்து, பத்து வாரத்தில் ஒரு வீட்டிற்குள் வந்து, குழந்தைகளின் நடுவே வளரும் குட்டியின் நிலை வேறு. பெருத்த விலை கொடுத்து வாங்கிய நாயும் தெருவில் விடப்பட்டால் அந்தக் கூட்டத்தில்தான் சேரும். அப்படி விடப்பட்ட லாப்ரடார்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னேன். குட்டியைக் காட்டிலும், இரண்டு மூன்று வயதான, மீட்கப்பட்டுக் காப்பகத்தில் இருக்கும் நாயைப் பாருங்கள். குட்டி என்னவாகும் என்பது ஊகம். வளர்ந்த நாய் எப்படி இருக்கிறது என்பது கண்முன் தெரியும். குழந்தையைக் கண்டால் வாலாட்டுகிறதா, ஒதுங்குகிறதா? தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா? எவ்வளவு முடி உதிர்கிறது என்பதைக் கறுப்புச் சட்டை அணிந்து சென்று ஒரு மணி நேரம் மடியில் சாய்த்து வைத்திருந்தால் அறிந்துகொள்ளலாம். இளைப்புக்கும் இதுவே சோதனை. மருத்துவரிடம் காட்டி ஒவ்வாமைச் சோதனை செய்துகொண்டு, அதே நாயோடு சில முறை பழகிப் பார்த்த பின்னரே வீட்டிற்குக் கொணர வேண்டும். மூச்சு முட்டினால் நாய் வேண்டாம்; மீன்தொட்டி போதும். வாங்கி வந்தபின் ஆகாது என்று திருப்பிவிடுவது குழந்தைக்கும் கொடுமை, நாய்க்கும் கொடுமை.

சித்தி உடனே இசைந்துவிடவில்லை. இரண்டு நாள் கழித்துச் சித்தப்பாதான் தொலைபேசியில் பேசினார். மருத்துவர் சோதித்துவிட்டு, ‘பழகிப் பார்க்கலாம், கவனமாக’ என்றாராம். நகரின் ஓரத்தில் உள்ள ஒரு காப்பகத்தில் மூன்று வயதுப் பெண் நாய் ஒன்றை, செந்நிறம், ஒரு காது மடங்கியது, பார்த்து வைத்திருக்கிறோம். கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முடிந்தவை. இரண்டு ஞாயிறு போய் வந்தாகிவிட்டது. முதல் ஞாயிறன்று சித்தி வண்டியை விட்டு இறங்கவேயில்லை. இரண்டாம் ஞாயிறன்று இறங்கி, எட்ட நின்று, “இது ஏன் இப்படி என்னையே பார்க்கிறது?” என்று கேட்டார். தங்கை இரண்டு இரவும் இளைப்பின்றி உறங்கினாள். வரும் ஞாயிறு மூன்றாம் முறை போகிறோம்.