எல்லாரும் வட்ஸ்அப்பில் இருக்கினம் என்பது ஒரு காரணமா?

தமிழில் ஒரு கட்டற்ற மென்பொருளைச் செய்யப் புறப்படுகிறவர்கள் இன்று முதலில் செய்வது வட்ஸ்அப் குழுமம் திறப்பது. நிரலை எங்கே வைப்பது, எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "எல்லாரும் அங்கைதானே இருக்கினம்." இந்த நம்பிக்கை தமிழ்க் கணிமைக்குக் கேடு செய்து வருகிறது. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நயினாதீவில் இருந்து பார்ப்பவருக்கு அந்தக் கேடு இன்னும் நன்றாகத் தெரியும்.

யார் அந்த எல்லாரும்? நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாதவை. டீசல் மின்பிறப்பாக்கிதான் நீண்டகாலம் வெளிச்சம் தந்தது. நயினாதீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் வேலை பார்த்துத் திரும்பும் ஒருவருக்கு மென்பொருளுக்கென்று மிஞ்சுவது இரவில் ஒரு மணித்தியாலம். கடல் குழம்பிப் படகு நின்றால் அன்றைய கணக்கெல்லாம் மாறிவிடும். ரொறன்ரோவில் வேலை முடித்து வந்தவர் எழுதத் தொடங்கும்போது இங்கே விடிந்துவிடும். குழுமத்தில் பேச்சு ஓடி, முடிவும் எடுத்து, அதற்குமேல் பிறந்தநாள் வாழ்த்துகளும் குவிந்த பிறகுதான் தீவுக்காரர் வந்து சேருகிறார். அவரை யாரும் தள்ளிவைக்கவில்லை. ஆனால் அவர் இல்லாமலே எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் இதற்கென்றே வழக்கம் ஒன்று உண்டு. ஒரு முடிவுக்கு வாக்குக் கேட்டால் குறைந்தது 72 மணித்தியாலம் திறந்து வைப்பார்கள். மடற்குழுவில் எழுதப்படாத முடிவை முடிவாகவே கொள்ள மாட்டார்கள். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள் தூங்கி எழுந்து, பிழைப்பையும் பார்த்துவிட்டு வரத் தேவையான அவகாசம் அது. 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருவின் திருத்தங்கள் இன்றும் மின்னஞ்சலில்தான் அனுப்பப்பட்டு, அங்கேயே எல்லார் முன்னாலும் அலசப்படுகின்றன. வேகம் இல்லாமல் வேலை நடக்காது என்பவர்கள் இந்த இரண்டையும் பார்க்கட்டும்.

முடிவின் காரணம் எழுத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாமினி விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு முதலில் பழகிய இலங்கைத் தமிழர் பலர் அதில்தான் தட்டினார்கள். இன்னும் எத்தனையோ பேருக்கு விரல் அதற்குத்தான் பழக்கம். கையால் எழுதுவதுபோலக் கொம்பு முதலில், எழுத்து பின்னால். யுனிகோட்டிலோ 'கெ' என்பது ககரம் முன்னே, கொம்பு பின்னே என்றுதான் சேமிக்கப்படும். ஆகவே செயலி கொம்பைப் பிடித்து வைத்திருந்து, எழுத்து வந்ததும் இடம் மாற்றிப் போட வேண்டும். அதற்கிடையில் ஒருவர் அழிக்கும் விசையைத் தட்டினால் எது அழிய வேண்டும்? 'கொ'வில் கொம்பும் அரவும் இரண்டு குறியீடாகப் போக வேண்டுமா, ஒன்றாகவா? இரண்டாகப் போனாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். தேடும்போது அகப்படாமல் போகலாம். இதையெல்லாம் ஓர் இரவில் வட்ஸ்அப்பில், பாதி குரற்பதிவாகப் பேசித் தீர்க்கிறார்கள் என்று வைப்போம். நிரலில் ஒரு வரி மாறுகிறது. இரண்டு வருடம் கழித்து வரும் மாணவி அந்த வரி தேவையில்லை என்று நினைத்து நீக்குகிறாள். பழைய வழு திரும்ப வருகிறது. அவளில் என்ன பிழை? அந்த வரி ஏன் வந்தது என்று அவளால் எங்கேயும் தேடிப் பார்க்க முடியாது. நிரலைத் திறந்து வைத்துவிட்டு, அதன் காரணங்களைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

வட்ஸ்அப்பை மட்டும் நம்பாமலிருக்க இலங்கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் போராட்டம் வலுத்தபோது என்று வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் அரசு முடக்கியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஒற்றைச் செயலியில் எல்லாப் பேச்சையும் வைத்தவர்களுக்கு அந்த நாட்களில் பேச இடமில்லை.

டிஸ்கோர்ட், ஸ்லாக் என்று மாறினால் சரியாகிவிடும் என்பதும் அதே நம்பிக்கையின் இன்னொரு வடிவம். ஸ்லாக் 2022இல் தன் இலவசப் பயனர்களுக்குப் பழைய செய்திகளை 90 நாளோடு மறைத்துவிட்டது. யாகூ மடலாடற்குழுக்களில் தமிழர் ஆண்டுக்கணக்காக எழுதியதை 2019 டிசம்பரில் அந்த நிறுவனம் அகற்றத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சேவையையே மூடியது. மடற்குழு என்பதால் அது தப்பவில்லை. மின்னஞ்சலில் பெற்றவர்களின் பெட்டிகளில் படிகள் மிஞ்சின. எல்லாருக்கும் திறந்த இடம் என்பதோடு, அதன் படி நம் கையில் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்ததுதான் என் வாதம்.

நம்மவர்கள் நிதானமாக எழுத மாட்டார்கள், மின்னஞ்சல் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லியே இதை மறுக்கிறார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்ற பக்கம் இருக்கிறது. கொள்கை, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கே எழுத்தில் நடந்தன. பழையவற்றை இன்று சேருகிற புதியவரும் படிக்கலாம். எழுதியவர்கள் நம்மவர்கள்தான். அன்ட்ராய்ட் கைபேசி வாங்கிச் செயலி இறக்குகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் மின்னஞ்சல் கணக்கு இருக்கிறது. மலிவான வட்ஸ்அப் பக்கேஜ் மட்டும் போட்டிருப்பவருக்குத் தடை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்காகக் குழுமத்திலும் சுருக்கம் போடலாம். ஆனால் முடிவுகளின் வீடு அதுவாக இருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். தன் தொலைபேசி இலக்கத்தை முன்பின் தெரியாத ஆண்கள் நிறைந்த குழுமத்தில் காட்டினால்தான் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்த முடியும் என்றால், எத்தனை பேர் உள்ளே வருவார்கள்? வராதவர்கள் கணக்கில் தெரிய மாட்டார்கள். பிறகு "பெண்களுக்கு இதிலே ஆர்வம் குறைவு" என்று கூட்டங்களில் பேசுவோம்.

சந்திப்புக்கு இடம் சொல்லவும், இன்று படகு இல்லை, வர மாட்டேன் என்று அறிவிக்கவும் குழுமம் இருக்கட்டும். நிரலைத் தொடும் எந்தப் பேச்சும் அன்றிரவே வழுப் பதிவேட்டுக்கு, காரணத்தோடு, எழுத்தில் போக வேண்டும். குரற்பதிவாக வந்தால் சொன்னவரே எழுதித் தரட்டும். அதன்பின் மூன்று நாள் பொறுங்கள். அதுவரை அந்தத் திருத்தத்தைச் சேர்க்காதீர்கள்.