யார் குழந்தை?

'குழந்தை' என்பது யார் என்ற வினாவுக்கு ஐரோப்பிய இரயில் நிறுவனங்கள் ஒருமித்த விடை தருவதில்லை. ஜெர்மனிக்குள் பெற்றோருடன் செல்லும் 14 வயதுச் சிறுமிக்கும் கட்டணமில்லை. தாயின் சீட்டில் அவளையும் குறித்திருந்தால் போதும். இந்தியர் வாங்கும் யூரெயில் பாஸிலோ குழந்தைப் பருவம் 11 வயதோடு முடிந்துவிடுகிறது. 12 வயதானவளுக்கு இளையோர் பாஸைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். ஆகவே ஜெர்மனிக்குள் ஓரிரு பயணம் மட்டும் செய்வோருக்கு, முன்கூட்டியே எடுக்கும் சலுகைச் சீட்டே பெரும்பாலும் சிக்கனம்.

'இலவசம்' என்ற சொல்லும் அத்தகையதே. பெரியவர் ஒருவருடன் வரும் 4 முதல் 11 வயதுக் குழந்தைகள் இருவருக்குப் பாஸ் இலவசம். ஆனால் பிரான்சின் அதிவேக இரயிலில் ஏற, அக்குழந்தைகளுக்கும் முன்பதிவுக் கட்டணம் உண்டு. (இந்தியாவிலும் 2016 முதல், 5 வயதுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணந்தான்.)

வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குச் செல்லும் ஆய்வாளர்களுள், குழந்தையை விட்டுச் செல்ல இயலாதோர் பெரும்பாலும் பெண்களே. பயண நல்கையோ பொதுவாக ஆய்வாளரின் சீட்டோடு நின்றுவிடுகிறது. குழந்தையின் பாஸையும் முன்பதிவையும் சலுகையாக அன்று, பயணச் செலவின் பகுதியாகவே நல்கைக் குழுக்கள் ஏற்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென ஒரு வரியேனும் இடம்பெறட்டும்.