எனாமல் பூசிய மரபு

தமிழகத்தின் எந்தப் பழைய ஊருக்குச் சென்றாலும் இன்று ஒரு காட்சி தவறாமல் காணக் கிடைக்கிறது. கும்பாபிஷேகத்தையோ வீட்டுத் திருமணத்தையோ ஒட்டி, நூறாண்டு கண்ட திண்ணைத் தூண்களும் நிலைக்கதவுகளும் தேர்ச் சிற்பங்களும் சாக்லேட் நிற எனாமலிலோ, கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷிலோ குளிப்பாட்டப்பட்டிருக்கின்றன. 'புதுசு மாதிரி ஆயிடுச்சு' என்கிறார் வேலையை முடித்தவர். வீட்டுக்காரரும் அகமகிழ்கிறார். இரண்டு ஐப்பசி அடைமழை கடந்ததும் அந்தப் பளபளப்பு பாம்புச் சட்டைபோல் உரிகிறது. உரிந்ததன் மேலேயே இன்னொரு பூச்சு ஏறுகிறது. இதற்குப் பெயர் பராமரிப்பு.

இதை வெறும் ரசனைக் கோளாறு என்று ஒதுக்கிவிட இயலாது என்பதே எங்கள் தரப்பு. வெயிலும் மழையும் படும் மரத்தின் மேல் கனத்த படலத்தைப் போர்த்துவது அம்மரத்தை மெல்ல அழிக்கும் செயல். அழகுணர்ச்சி பற்றிய வாதத்தைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். முதலில் மரத்தின் தரப்பைக் கேட்போம்.

வெட்டப்பட்ட பிறகும் மரம் அசைவற்றுப் போவதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது அதை உறிஞ்சி அகலத்தில் உப்புகிறது. கோடையில் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு. ரேகைக்குக் குறுக்கே மிக அதிகம். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதும் சித்திரையில் தானே தளர்வதும் இதனால்தான். மேலே பூசிய எனாமலோ ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, நெகிழ்ச்சியை இழக்கிறது. அடியில் இருப்பது அசைய, மேலே இருப்பது அசைய மறுக்க, இணைப்புகளிலும் தலைமாட்டு வெட்டுகளிலும் முடியளவு விரிசல்கள் விழுகின்றன. அவற்றின் வழியே மழைநீர் உள்ளே புகுகிறது. புகுந்த நீர் வெளியேறுவதற்கோ அந்தப் படலமே தடையாக நிற்கிறது.

மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் தேவை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வேலை செய்ய முடியாது. மழை நின்றதும் உலர்ந்துவிடும் மரம் இந்த எல்லைக்குள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. படலத்துக்கடியில் நீரைச் சேமித்து வைத்திருக்கும் மரத்துக்கு அந்த வாய்ப்பில்லை. வெளியே எனாமல் முழுமையாக மின்னிக்கொண்டிருக்க, விரலால் அழுத்தினால் உள்ளே அவல்போல் நொறுங்கும் நிலைச்சட்டத்தின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'நாங்கள் நிறம் பூசவில்லை, மரத்தின் அழகு தெரிய வேண்டும் என்று கிளியர் வார்னிஷ்தான் அடித்தோம்' என்று பெருமைப்படும் நண்பர்கள் உண்டு. அவர்கள் செய்வது இன்னும் மோசமானது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கின்றன. நிறமற்ற சாதாரண வார்னிஷ் இக்கதிர்களைத் தடுப்பதில்லை. ஆகவே வார்னிஷுக்கடியிலேயே மரத்தின் மேற்பரப்பு சிதைய, பற்றிக்கொள்ள ஏதுமற்ற படலம் தோல்தோலாகக் கழன்றுவிடுகிறது. வெளிப்புற மரத்தைக் கதிரிலிருந்து காப்பது நிறமிதான். தாத்தாக்கள் காலத்துக் காவி என்பது இரும்பு ஆக்சைடு. புற ஊதாக் கதிரைத் தடுப்பதில் அதற்கிணையான எளிய பொருள் குறைவு. அதைப் பழமை என்று ஒதுக்கிவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையை நவீனம் என்று கொண்டாடுகிறோம்.

பூச்சே இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? லிக்னின் சிதைந்து மழையில் கழுவப்பட, மரம் சாம்பல் நிறம் கொள்கிறது. நாம் அதைப் பார்த்துப் பதறுகிறோம். மேற்பரப்பின் அரிமானம் ஊசியிலை மரங்களில் நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் என்பது மர ஆய்வாளர்களின் கணக்கு. கடினமான மரங்களில் இன்னும் குறைவு. அதாவது நீர் தேங்காத இடத்தில் நிற்கும் வைரம் பாய்ந்த தேக்கு நரைத்தாலும் நலிவதில்லை. நரையை நோயாகக் கருதும் சமூகம் மனிதர்களுக்குச் சாயம் பூசுவதோடு நிறுத்தாமல் தூண்களுக்கும் பூசத் தொடங்கிவிட்டது.

இனி வேலை முறைக்கு வருவோம். வெளிப்புற மரத்துக்குப் பூச்சு என்பது கடைசிப் படி. உண்மையான உழைப்பு அதற்கு முந்தைய தயாரிப்பில் இருக்கிறது. பழைய படலத்தை முற்றாக நீக்க வேண்டும். ஆணியைச் சுற்றிய கரும்பழுப்புக் கறை இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்ததால் விளைந்தது. நீர்த்த ஆக்ஸாலிக் அமிலத்தால் அதைப் போக்கி, நல்ல தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். வெயிலில் சிதைந்து தளர்ந்துபோன மேற்பரப்பின் மேல் எந்தப் பூச்சும் நிலைக்காது. ஆகவே உறுதியான நார் தென்படும்வரை ரேகையின் போக்கிலேயே உப்புத்தாள் போட வேண்டும். பிறகு மரம் உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சொட்டு நீரை விட்டுப் பார்த்தால் அது முத்தாக நிற்காமல் உள்ளே இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்றில் ஈரம் வடியும் தை, மாசியே இவ்வேலைக்கு உகந்த காலம்.

இவற்றில் எதுவும் நடப்பதில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்பட்ட ஒப்பந்தத்தில் காத்திருத்தலுக்குக் கூலி கிடையாது. அழுக்கின் மேல் பட்டி பார்த்து, பட்டியின் மேல் பிரைமர் அடித்து, விழா நாளுக்குள் முடித்துக் கொடுப்பதற்கே பணம். பெயிண்டரைக் குறை கூறுவது இங்கே எளிது, அது அநியாயமும்கூட. பத்து நாள் வேலையை மூன்று நாள் கூலிக்குக் கேட்பவர்கள் வீட்டுக்காரர்களும் அறங்காவலர்களும்தான்.

அந்தத் தொழிலாளியின் உடல் குறித்து யாரும் பேசுவதில்லை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக ஏறிய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும் என்று கொள்வதே விவேகம். அவற்றை உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்கும்போது எழும் தூசியை, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தத் தொழிலாளி சுவாசிக்கிறார். திண்ணையில் படிந்த அதே தூசியில் மறுநாள் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஈரப்படுத்திச் சுரண்டுவதும், முறையான முகமூடி கொடுப்பதும், உதிர்ந்ததை ஒன்றுதிரட்டி அகற்றுவதும் பெருஞ்செலவுக் காரியங்களே அல்ல. ஒரு சரவிளக்கின் விலைகூட ஆகாது.

எதிர்த்தரப்பை மட்டும் சாடிவிட்டு நகர்வது நேர்மையாகாது. மரபின் பெயரால் பேசுகிறவர்களிடமும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. 'அந்தக் காலத்தில் எண்ணெய் தேய்த்தார்கள், அதுவே போதும்' என்கிறார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டால் பதில் வருவதில்லை. தேங்காயெண்ணெய் காற்றில் உலர்ந்து இறுகாது. வெளிப்புற மரத்தில் அதைத் தேய்த்தால் பிசுபிசுத்து, தூசியைச் சேர்த்து, பூசணத்துக்கு விருந்து வைக்கும். ஆளிவிதை எண்ணெய் வேறு இனம். காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று நார்களுக்குள்ளேயே இறுகுகிறது. ஆனால் அதையும் நிறமியின்றித் தனியே விட்டால் நம் ஊர் ஈரத்தில் கருத்துப்போகும். நம் கடற்கரைகளில் படகுகளுக்கும் வீட்டு மரங்களுக்கும் பூசப்பட்ட முந்திரிக்கொட்டை எண்ணெய் கரையானையும் நீரையும் தடுத்தது உண்மை. அது தோலைப் பொள்ளச் செய்யும் என்பதும் அதே அளவு உண்மை. முன்னோர் இவற்றை வேறுபடுத்தி அறிந்திருந்தார்கள். அந்த அறிவை விட்டுவிட்டு 'எண்ணெய்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பெருமை பேசுவது மரபைப் பேணுவதாகாது.

சிறுபத்திரிகைச் சூழலுக்கும் இதில் பங்கிருக்கிறது. ஊஞ்சல் பலகையின் வழவழப்பும் பழைய கதவின் முனகலும் நம் கவிதைகளிலும் கதைகளிலும் ஏக்கமாகத் ததும்புகின்றன. அந்தப் பலகையை வழவழப்பாக வைத்திருந்த கை யாருடையது, என்ன கொண்டு எத்தனை நாளுக்கொரு முறை துடைத்தது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. பொருளின் மீதான ஏக்கம் இலக்கியமாகிறது. பொருளைப் பேணும் உழைப்பு இலக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. தச்சரின் சொற்களை நாவலில் இரண்டு பக்கம் அடுக்குவது அவதானம் எனப்படுகிறது. அச்சொற்கள் சுட்டும் அறிவு நமக்குத் தேவைப்படுவதில்லை.

பிற சமூகங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்ப்பது பயன் தரும். நார்வேயில் இடைக்காலத்து மரத் தேவாலயங்கள் ஏறத்தாழ 28 எஞ்சியுள்ளன. போர்குண்டில் உள்ளது 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பனியிலும் மழையிலும் நிற்கும் இவற்றைக் காக்க, பைன் மரத்திலிருந்து எரித்தெடுக்கும் தாரை மீண்டும் மீண்டும் பூசி வருகிறார்கள். சுவீடனில் பாலுன் செப்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து எடுத்த இரும்பு ஆக்சைடை மாவோடும் நீரோடும் காய்ச்சி, ஆளிவிதை எண்ணெய் சேர்த்த செந்நிறப் பூச்சு நாடெங்கும் மர வீடுகளிலும் வேலிகளிலும் காணப்படுகிறது. அது நம் காவியின் உறவுதான். சுரங்கம் 1992இல் மூடப்பட்டது, பூச்சு நிற்கவில்லை. இவ்விரண்டும் மரத்தைச் சுவாசிக்க விடுபவை. தேய்ந்து மெலிபவை, உரிந்து விழாதவை. மறுபூச்சு தேவைப்படும் என்பதைக் குறையாக எண்ணாமல் வாழ்வின் ஒழுங்காக ஏற்றுக்கொண்டவர்களின் தொழில்நுட்பம் இது.

நம்மிடமும் அப்படியொரு ஒழுங்கு இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் இறங்கிய கூரைகளைப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணின் அடியில் இருக்கும் கல்லைப் பாருங்கள். மரத்துக்கு முதல் பூச்சு கூரை. இரண்டாவது பூச்சு அந்தக் கல். தலைமாட்டு வெட்டு மற்றப் பக்கங்களைவிடப் பல மடங்கு நீரை உறிஞ்சும் என்பதை அறிந்தே தூணை மண்ணில் ஊன்றாமல் கல்லில் நிறுத்தினார்கள். இன்று வாசலைச் சிமெண்டால் உயர்த்தி, அந்தக் கல்லைப் புதைத்து, தூணின் பாதத்தைச் சேற்றில் நிறுத்திவிட்டு, மேலே மூன்று கோட்டிங் எனாமல் அடிக்கிறோம். பாதம் மக்கியதும் 'பழைய மரம், தாங்கவில்லை' என்று பிரித்து விற்றுவிடுகிறோம். வாங்குபவர் அந்த எனாமலைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் பூசி, எங்கோ ஒரு விடுதியின் வரவேற்பறையில் நிறுத்துகிறார். அங்கே அது மரபாகிவிடுகிறது.

'இதற்கெல்லாம் யாருக்கு நேரமும் பணமும் இருக்கிறது?' என்பது நியாயமான கேள்விதான். பதில் எளிது. நிறமி கலந்த, ஊடுருவும் எண்ணெய்ப் பூச்சு சீக்கிரம் மங்கும். மங்கிய இடத்தைக் கழுவி, உலரவிட்டு, துணியால் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, மரம் குடிக்காத மிச்சத்தைக் கால் மணி நேரத்தில் துடைத்தெடுத்தால் முடிந்தது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது. இறுகும்போது எழும் வெப்பத்தால் அது தானே பற்றி எரியும். விரித்து உலர்த்தவோ நீரில் அமிழ்த்தவோ வேண்டும். இவ்வளவே அறிய வேண்டியது. எனாமலோ ஒவ்வொரு முறையும் முழுதாகச் சுரண்டப்பட வேண்டும். அந்தச் செலவை நாம் செய்வதில்லை என்பதால்தான் அது மலிவாகத் தோன்றுகிறது. மிச்சக் கணக்கை மரம் தீர்க்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் சில. திருப்பணிக் குழுக்கள் தேர்களையும் கதவுகளையும் தொடுமுன் அனுபவமுள்ள தச்சரிடம் கலந்து பேசட்டும். ஒப்பந்தத்தில் தயாரிப்புக்கும் உலர்வதற்கும் தனிக் கூலி எழுதப்படட்டும். பழைய எனாமலைச் சுரண்டும் தொழிலாளிக்கு முகமூடி தருவது உபகாரமாகக் கருதப்படாமல் கடமையாகட்டும். புதைந்துபோன அடிக்கற்கள் மறுபடி வெளியே வரட்டும். எதுவும் செய்ய இயலாதவர்கள் மரத்தைச் சும்மா விட்டுவிடுங்கள். ஒழுகும் கூரையை மட்டும் சரிசெய்யுங்கள். நீர் தேங்காத மரம் நரைத்தபடியே நம் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிடும்.